டோராவிடம் மேப், டியாகோவிடம் கேமரா: எதை எந்த வயதில் காட்டலாம்?

"அடுத்து எங்கே போகணும்?" என்று கேட்டுவிட்டு கார்ட்டூன் நாயகி டோரா திரையிலிருந்து நேராக நம்மைப் பார்க்கிறாள். இசை தணிகிறது. கண்ணை ஒருமுறை சிமிட்டுகிறாள். மூன்று விநாடி, நான்கு விநாடி ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அலுப்புத் தட்டும் நேரம் இது. மூன்று வயதுப் பிள்ளைக்கோ மொத்த நிகழ்ச்சியும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கேள்வியைக் காதில் வாங்கி, பேசும் வரைபடமான மேப் சொன்ன மூன்று இடங்களை நினைவில் துழாவி, முதல் இடம் முடிந்துவிட்டது என்று கழித்து, "பாலம்!" என்று கத்துவதற்கு அந்த வயதில் அவ்வளவு நேரம் பிடிக்கும்.

டோராவின் அத்தை மகனோ மாமா மகனோ, ஏதோ ஒரு முறையில் அண்ணனான டியாகோவின் தொடரிலும் இதே இடைவெளி வருகிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் "கையை நீட்டு, கயிற்றை இழு, இறக்கையை அடி" என்பதற்காக நிறுத்துகிறார்கள். அங்கே உடம்புக்கு வேலை அதிகம், நினைவுக்கு வேலை குறைவு. மூலத் தொடருக்கும் கிளைத் தொடருக்கும் உள்ள மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கட்டமைப்பில் டோரா உசத்தி, விஷயத்தில் டியாகோ உசத்தி. இரண்டில் ஒன்றுதான் என்றால் மூன்று வயதுக்கு டோரா, ஐந்து வயதுக்கு டியாகோ.

'டோரா தி எக்ஸ்ப்ளோரர்' 2000 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் நிக்கலோடியனில் தொடங்கியது. கிறிஸ் கிஃபோர்ட், வேலரி வால்ஷ், எரிக் வீனர் மூவரும் உருவாக்கியது, மொத்தம் 8 சீசன். டியாகோ அதன் மூன்றாவது சீசனில், 2003-இல், விருந்தாளியாக நுழைந்தான். 2005 செப்டம்பரில் 'கோ, டியாகோ, கோ!' என்று அவனுக்குத் தனித் தொடர் வந்தது. கிஃபோர்டும் வால்ஷும்தான் அதற்கும் பொறுப்பு. 5 சீசன் ஓடி 2011-இல் முடிந்தது. தமிழ்நாட்டில் சுட்டி டிவி பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இரண்டு பேரும் தமிழ் பேசியவர்கள்தான். டோரா, அவளுடைய குரங்கு நண்பன் புஜ்ஜி என்ற பெயர்களையும், 'குள்ளநரி திருடக்கூடாது' என்ற வசனத்தையும் இன்றைக்கு இருபது வயது தாண்டியவர்கள்கூட மறக்கவில்லை. அந்த வசனம் மட்டும் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

டோரா எப்படி வேலை செய்கிறது

தலைப்புப் பாட்டைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், கேமரா அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறது. டோராவின் உலகம் அதற்குள் இருக்கிறது. விடையைச் சொன்னதும் நீல நிற அம்புக்குறி ஒன்று வந்து சரியான பொருளின் மேல் 'டிக்' என்று அமுக்குகிறதே, அதுவும் அந்தக் கால சிடி விளையாட்டுகளிலிருந்து எடுத்ததுதான். 2000-இல் இது பெரிய துணிச்சல். தொலைக்காட்சி நீங்கள் சொல்வதைக் கேட்காது. ஆனால் கேட்கிற மாதிரி நேரம் விட்டு, நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய விடைக்குப் பதில் சொல்கிறது. மூன்று வயதில் அந்த ஏமாற்று முழுதாகப் பலிக்கிறது. ஐந்தரை, ஆறு வயதில் பலிப்பதில்லை. "நான் தப்பாச் சொன்னாலும் சரின்னு சொல்றா" என்று பிள்ளையே ஒருநாள் கண்டுபிடித்துவிடும். டோராவிலிருந்து அடுத்ததற்கு மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

ஒவ்வொரு கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றே. ஒரு சிக்கல் வருகிறது. மேப்பைக் கூப்பிட வேண்டும். மேப் துள்ளிக் குதித்துத் தன் பெயரையே திரும்பத் திரும்பப் பாடிவிட்டு, போக வேண்டிய மூன்று இடங்களை வரிசையாகச் சொல்லும். பாலம், காடு, மலை என்று வைத்துக்கொள்வோம். டோரா அதை ஒரு தாளத்தில் போட்டு பிள்ளையோடு சேர்ந்து சொல்கிறாள். பாலத்தைக் கடந்ததும் மறுபடி அதே மூன்று சொற்கள். இம்முறை பாலத்துக்கு ஒரு 'முடிஞ்சுது'. காட்டைத் தாண்டியதும் மறுபடி. இப்படி ஒரு பட்டியலை இருபது சொச்ச நிமிடத்தில் பலமுறை சொல்லவைத்து, ஒவ்வொரு முறையும் 'இப்போது எதில் நிற்கிறோம்' என்று கேட்பது மிகக் கச்சிதமான வரிசைப் பயிற்சி. முதலில், பிறகு, கடைசியில் என்ற மூன்றும் மழலையர் பள்ளிக்குப் போகும் முன்பே பிள்ளையின் வாயில் புரளும்.

முதுகில் இருக்கும் பை இன்னொரு வேலை செய்கிறது. பை திறந்தால் உள்ளிருந்து ஏழெட்டுப் பொருள்கள் பறந்து திரையில் பரவும். குளிரும் இடத்துக்குப் போக எது தேவை, உடைந்ததை ஒட்ட எது தேவை என்று தேடி எடுக்க வேண்டும். மிச்சத்தைப் பை 'யம் யம் யம்' என்று விழுங்கிவிடும். வேண்டாதவற்றை ஒதுக்குவதுதான் இங்கே கற்பது. பாலத்துக்கடியில் இருக்கும் முசுட்டுக் கிழ பூதம் போடும் விடுகதை கொஞ்சம் கடினம். மூன்று வயதுப் பிள்ளைகள் பலமுறை தடுக்கி விழும் இடம் அதுதான். அதை அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்காதீர்கள். இரண்டாம் தடவை பார்க்கும்போது தானாக வரும்.

கடைசியில் டோரா கேட்கும் ஒரு கேள்வியைப் பலர் கவனிப்பதே இல்லை: "உனக்கு எது ரொம்பப் பிடிச்சுது?" இதற்குத் தப்பான விடையே கிடையாது. அதுவரை சரி-தப்பு என்று ஓடிய நிகழ்ச்சி, கடைசி நிமிடத்தில் பிள்ளையின் சொந்தக் கருத்தைக் கேட்கிறது. இடைவெளியும் விடுகிறது. டியாகோவின் முடிவில் இந்தக் கேள்வி இல்லை. அன்றைய விலங்கைப் பற்றி என்ன தெரிந்துகொண்டோம் என்ற மீள்பார்வை இருக்கிறது. அதுவும் பயனுள்ளதுதான். ஆனால் பேசத் தயங்கும் பிள்ளை முதல்முதலாக ஒரு முழு வாக்கியம் சொல்ல இடம் கொடுப்பது டோராவின் கேள்விதான்.

குள்ளநரியும் போபோக்களும்

கிளைத் தொடர் மூலத்திடம் தெளிவாகத் தோற்கும் இடம் இது.

டோராவின் பொருள்களைத் திருட வரும் குள்ளநரி வருவதற்கு முன்பே அடையாளம் தெரியும். புதர் அசையும், வால் நுனி தெரியும், ஒரு மெல்லிய ஓசை கேட்கும். டோராவும் புஜ்ஜியும் கவனிக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பார்ப்பது பிள்ளை மட்டும்தான். அதாவது, கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று திரைக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்குத் தெரிகிறது. மூன்று, நான்கு வயதில்தான் 'எனக்குத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம்' என்ற புரிதல் முளைக்கிறது. அந்த இடத்தை இந்தக் காட்சி அப்படியே தொடுகிறது. பிறகு 'குள்ளநரி திருடக்கூடாது' என்று மூன்று தடவை. மூன்றையும் முடித்தால் அவன் விரலைச் சொடுக்கிக்கொண்டு போய்விடுவான். சில சமயம் முந்திக்கொண்டு பறித்து எங்காவது வீசிவிடுவான். 'இனி உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது' என்ற சவாலோடு போவான். பிள்ளை பொருளைத் தேட வேண்டும். தோல்விக்கு ஒரு விளைவு இருக்கிறது, அந்த விளைவைச் சரிசெய்ய ஒரு வழியும் இருக்கிறது. எந்த முறை ஜெயிப்போம் என்று முன்கூட்டித் தெரியாததால் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும். அந்த வசனம் இத்தனை வருடம் நினைவில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

டியாகோவில் அந்த இடத்துக்கு வந்தவர்கள் போபோ சகோதரர்கள், இரண்டு சிலந்திக் குரங்குகள். அவர்கள் திருடர்கள் அல்ல, விஷமக்காரர்கள். எதையாவது இழுத்துவிட்டு, உருட்டிவிட்டு ரகளை செய்வார்கள். "அப்படியே நில்லுங்க, போபோ!" என்று சொன்னதும் நின்று மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். நோக்கம் நல்லதே. தெரியாமல் செய்த குறும்புக்கு மன்னிப்புக் கேட்பதைக் காட்டுகிறார்கள். ஆனால் நிறுத்தச் சொன்னால் நின்றுவிடும் குரங்குகளிடம் பதற்றம் எப்படி வரும்? பிள்ளைகள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வேலையும் இல்லை, தோற்றால் தேடும் வேலையும் இல்லை.

டியாகோவின் பலம்

இனி மறுபக்கம். டியாகோவுக்கு எட்டு வயது. மழைக்காட்டில் இருக்கும் விலங்கு மீட்பு மையத்தில் வேலை. அக்கா அலிசியாவுக்குப் பதினொன்று. கம்ப்யூட்டரில் தகவல் தேடித் தருவது பெரும்பாலும் அவள்தான். கூடவே ஒரு ஜாகுவார்க் குட்டி. தொடக்கத்தில் ஒரு விலங்கின் கூப்பாடு கேட்கும். கிளிக் என்ற கேமரா காட்டுக்குள் பாய்ந்து பாய்ந்து தேடும். அது ஒவ்வொரு விலங்காகக் காட்டி "இதுவா கத்தியது?" என்று கேட்கும்.

இந்தக் கிளிக் பகுதி மொத்தத் தொடரிலும் சிறந்தது. டோராவில் இதற்கு இணையே கிடையாது. பிள்ளை இங்கே ஞாபகத்தை நம்பவில்லை, கண்ணையும் காதையும் நம்புகிறது. அந்தச் சத்தம் இந்த விலங்குடையதா? நாம் தேடுவதற்கு நீண்ட வால் உண்டு, இதற்கு உண்டா? அடையாளங்களை வைத்து ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது உயிரியலின் முதல் பாடம். அதை நான்கு வயதில், பாட்டோடு, அலுக்காமல் செய்யவைக்கிறார்கள். விலங்கு கிடைத்ததும் அது எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, எதனால் ஆபத்து என்று சுருக்கமாக ஒரு தகவல் பகுதி. பிறகு மீட்புப் பயணம். கதை முழுக்க அந்த ஒரே விலங்குதான் நடுவில். டோராவில் இன்று சேவல், நாளை நட்சத்திரம், மறுநாள் பிறந்தநாள் கேக் என்று இலக்கு மாறிக்கொண்டே இருக்கும். எதுவும் மனதில் ஆழமாக இறங்காது. டியாகோவின் ஒரு பகுதியைப் பார்த்த பிள்ளைக்கு ஒரு விலங்கு சொந்தமாகிவிடும்.

பெரும்பாலும் தென், நடு அமெரிக்க விலங்குகள். அதனால் தமிழில் பேசும்போது பெற்றோர் தடுமாறும் இடங்கள் சில உண்டு. பிள்ளை கேட்டால் தப்பாகச் சொல்லிவிடாமல் இருக்க இவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஸ்லாத்தைப் பலரும் தேவாங்கு என்று சொல்லிவிடுகிறார்கள். தவறு. தேவாங்கு நம் ஊர்க் காட்டில் இரவில் திரியும், பெரிய கண் கொண்ட, குரங்கினத்துக்கு உறவான சிறு விலங்கு. ஸ்லாத் அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் உண்டு, அங்கேயே வாழும் எறும்புதின்னிக்குத்தான் உறவு, கிளையில் தலைகீழாகத் தொங்கி இலை தின்னும். மூன்று விரல் ஸ்லாத் வாரத்துக்கு ஒரு தடவை போல மலம் கழிக்க மட்டும் தரைக்கு இறங்கும். இந்தத் தகவலைச் சொல்லிப் பாருங்கள், அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு இருக்காது.

ஜாகுவாரைச் சிறுத்தை என்று சொல்வதும் அப்படித்தான். இரண்டுக்கும் உடம்பில் வளையம் வளையமாகப் புள்ளிகள் உண்டு. ஜாகுவாரின் வளையத்துக்கு நடுவில் சின்னக் கரும்புள்ளி இருக்கும், நம் சிறுத்தைக்கு இருக்காது. படத்தை நிறுத்திவிட்டு, பிள்ளையிடம் ஒரு சிறுத்தைப் படத்தையும் பக்கத்தில் வைத்து 'வித்தியாசம் கண்டுபிடி' என்று விட்டுவிடுங்கள். கேலிச்சித்திரத்தில் புள்ளிகளை எளிமையாக்கிவிடுவார்கள் என்பதால், உண்மைப் புகைப்படம் இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

காண்டர் வேட்டையாடும் கழுகு அல்ல, பிணந்தின்னிப் பறவை. லாமா ஒட்டகக் குடும்பம். மக்காவுக்குத் தமிழில் பஞ்சவர்ணக்கிளி என்ற பெயர் நன்றாகவே பொருந்தும். போபோக்கள் வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துத் தொங்குகின்றனவே, அது அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகள் சிலவற்றுக்கு மட்டுமே முடியும். மலைக்கோவில் படிக்கட்டில் வாழைப்பழம் பிடுங்கும் நம் குரங்கால் வாலால் தொங்க முடியாது. அடுத்த முறை கோவிலுக்குப் போகும்போது பிள்ளையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

டியாகோ சறுக்கும் இடங்கள்

பெரிய குறை, அவன் முதுகில் இருக்கும் ரெஸ்க்யூ பேக். டோராவின் பையில் கிடைப்பது கயிறு, ஏணி, பசை போன்ற சாமான்கள். அதை வைத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். டியாகோவின் பையோ தானே படகாகிவிடும், பறக்கும் கிளைடராகிவிடும், பனிச்சறுக்குப் பலகையாகிவிடும். இரண்டு மூன்று தேர்வுகளைக் காட்டிக் கேட்கிறார்கள்தான். ஆனால் தண்ணீரைக் கடக்க ஒரு படகும் ஒரு சைக்கிளும் காட்டினால் யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளை "ஆக்டீவாதே!" (ஸ்பானியத்தில் 'இயங்கு') என்று உற்சாகமாகக் கத்தும், பை மாறும், சிக்கல் தீர்ந்தது. எந்த இடர் வந்தாலும் பை பார்த்துக்கொள்ளும் என்று இரண்டாவது பகுதியிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

மேப் இல்லாததும் ஒரு இழப்பு. பயணம் உண்டு, ஆனால் மூன்று இடங்களை வரிசையாக ஒப்பிக்கும் அந்தத் திரும்பத் திரும்பச் சொல்லும் கட்டு தளர்ந்துவிட்டது. அதனால் டியாகோ வேகமாக ஓடுகிறது, பெரியவர்களுக்கும் பார்க்கச் சலிப்பில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை நடுவில் கவனம் சிதறினால் மறுபடி கதையைப் பிடித்துக்கொள்ள டோராவில் இருக்கும் கைப்பிடி இங்கே இல்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. டியாகோ காட்டு விலங்குகளைத் தொடுகிறான், அணைக்கிறான், தூக்குகிறான். விலங்குகளும் அவனோடு பேசுகின்றன. கதைக்கு இது சரி. வீட்டுக்கு வெளியே அணில் குட்டியோ குஞ்சுப் பறவையோ விழுந்து கிடப்பதைப் பார்த்தால் பிள்ளை ஓடிப்போய்த் தூக்கும். பறக்கக் கற்கும் குஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தால் தாய்ப்பறவை பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். நாம் தூக்கினால்தான் அதற்கு ஆபத்து. தெரு நாய்க்குட்டியைத் தூக்கினால் தாய் நாய் கடிக்கும். எனவே டியாகோ பார்க்கும் வீட்டில் ஒரு விதி வேண்டும்: முதலில் தள்ளி நின்று பார்க்க வேண்டும், பிறகு பெரியவரைக் கூப்பிட வேண்டும், தொடக் கூடாது. 'கிளிக் மாதிரி பார், டியாகோ மாதிரி ஓடாதே' என்று சொன்னால் பிள்ளைக்கு உடனே புரியும்.

மொழி

மூலத்தில் இரண்டு தொடரும் ஆங்கிலத்தோடு ஸ்பானியத்தைக் கலந்து கற்பிக்கின்றன. மற்ற நாடுகளில் மொழிமாற்றம் செய்யும்போது ஸ்பானியத்தின் இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைப்பார்கள். டோரா இதில் கெட்டி. ஒரு சொல்லை ஒரு காரியத்தோடு கட்டுகிறாள்: கதவு திறக்க ஒரு சொல், குதிக்க ஒரு சொல். சொல்லாவிட்டால் கதவு திறக்காது. டிக்கோ என்ற அணில் ஸ்பானியம் மட்டுமே பேசுகிறான்; அவனோடு பேச அந்த மொழிதான் வழி. டியாகோவில் அயல்மொழிச் சொற்கள் முழக்கங்களாக வருகின்றன. 'ஆல் ரெஸ்காத்தே' என்று பிள்ளை கூவும், ஆனால் 'மீட்கப் போவோம்' என்ற பொருளை யாராவது சொன்னால்தான் தெரியும்.

2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 51 பிள்ளைகளை ஆறாவது மாதத்திலிருந்து முப்பதாவது மாதம் வரை பின்தொடர்ந்தது. டோரா போன்ற, பிள்ளையிடம் கேள்வி கேட்டுக் காத்திருக்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களிடம் சொல்வளம் கூடுதலாகவும், டெலிடபீஸ் என்ற மழலையர் தொடரைப் பார்த்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது. நிகழ்ச்சிதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் எந்த வகை நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நல்ல துப்பு.

ஆண் பிள்ளைக்கு டியாகோ, பெண் பிள்ளைக்கு டோரா?

பொம்மைக் கடை அப்படித்தான் பிரித்து அடுக்குகிறது. தொடர்கள் அப்படிப் பிரிந்திருக்கவில்லை. டோரா குட்டை முடி, கால்சட்டை, முதுகில் பை என்று மலை ஏறி ஆறு தாண்டுகிறவள். டியாகோவின் மையத்தில் தகவல் அறிவு பெரும்பாலும் அக்கா அலிசியாவின் கையில். வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், விருப்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேப், வழி, எண், விடுகதை பிடிக்கும் பையனுக்கு டோராவை மறுப்பதும், எறும்பு வரிசையைப் பார்த்து அரைமணி உட்காரும் பெண்ணுக்கு டியாகோவைக் காட்டாமல் விடுவதும் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

எப்படிக் காட்டுவது

ஒன்றரை வயதுக்குக் கீழே இரண்டுமே வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் சொன்ன வரம்பு. இரண்டு தொடரிலும் ஒரு பகுதி இருபத்துச் சொச்ச நிமிடம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். மூன்றை அடுத்தடுத்து ஓடவிட்டால் மூன்றாவதில் பிள்ளை வாய் திறக்காது. விடை சொல்வது நின்றுவிட்டால் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று பொருள், டிவியை அணைத்துவிடலாம்.

ஒரே பகுதியை நாலைந்து நாள் திரும்பப் போடத் தயங்காதீர்கள். முதல் நாள் பிள்ளை வெறுமனே பார்க்கும். இரண்டாம் நாள் ஒன்றிரண்டு விடை வரும். மூன்றாம் நாள் குள்ளநரி வரும் முன்பே கத்தும். நான்காம் நாள் பூதத்தின் விடுகதைக்கும் விடை சொல்லும். புதிது புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தால் இந்த ஏற்றம் நடக்காது. 'மறுபடி அதேவா' என்று சலிப்பது பெரியவர்கள்தான், பிள்ளை இல்லை.

பெரும்பாலான வீடுகளில் கெடுவது இந்த இடத்தில்தான்: டோரா கேள்வி கேட்டதும் பக்கத்தில் இருக்கும் அண்ணனோ பாட்டியோ ஆசையில் விடையை முந்திச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்கு விட்ட நான்கு விநாடி போய்விடுகிறது. இரண்டு நாள் இப்படி நடந்தால் பிள்ளை டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு விடைக்காகப் பாட்டியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். விடை தெரியாமல் முழித்தால்கூடப் பேசாமல் இருங்கள். டோராவே சொல்லிவிடுவாள்.

இணையத்தில் கிடைக்கும் துண்டு வீடியோக்களும் தொகுப்புகளும் வேண்டாம். பார்வையாளர் நகர்ந்துவிடக் கூடாது என்று அமைதியான விநாடிகளை வெட்டி, பாட்டையும் குள்ளநரியையும் மட்டும் ஒட்டியிருப்பார்கள். மேப் சொன்ன மூன்று இடங்களில் இரண்டு காணாமல் போயிருக்கும். அதில் டோரா வெறும் கூச்சல்தான். டோரா கத்திப் பேசுகிறாள் என்று பெற்றோர் குறைப்படுவது நியாயமே. ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், பிள்ளையின் குரல் அவள் குரலைவிட உரக்கக் கேட்க வேண்டும். கைபேசியைவிட டிவி மேல். கைபேசியைக் கையில் பிடித்த பிள்ளையால் டியாகோ சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துப் பறக்க முடியாது.

பார்த்து முடித்ததும் டோராவுக்கு ஒரு தாள், ஒரு பென்சில் போதும். மூன்று வட்டம் போட்டு, வழியை வரையச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குப் பொருத்துங்கள்: வாசல், பெட்டிக்கடை, பால்வாடி. டியாகோவுக்குத் தாள் வேண்டாம், ஜன்னல் போதும். அட்டைக் குழாய் ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கிளிக் கேட்பதுபோல "கத்தினது யாரு? காக்கையா, மைனாவா, அணிலா?" என்று கேளுங்கள். அணிலின் கீச்சொலியைப் பறவை என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. முதுகில் மூன்று கோடு இருக்கிறதா என்று தேடவிடுங்கள்.

மற்ற கிளைகள்

2014-இல் வந்த 'டோரா அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் டோராவுக்குப் பத்து வயது. நகரத்தில் இருக்கிறாள், புஜ்ஜி இல்லை, மேப் கைபேசிச் செயலியாகிவிட்டது. பார்க்கக் கேடில்லை, ஆனால் பிள்ளையிடம் கேட்டுக் காத்திருக்கும் அந்தக் கட்டு நன்றாக நீர்த்துவிட்டது. 2024-இல் கணினி வரைகலையில் புதிய டோரா வந்திருக்கிறது. பழைய கட்டு அதில் திரும்பி வந்திருப்பது நல்ல செய்தி. பழைய இரண்டும் கிடைக்கிற வீட்டில் இவற்றுக்காக மெனக்கெட வேண்டாம்.

டோராவிலிருந்து டியாகோவுக்கு மாறும்போது டக்கென்று மாற்றினால் சில பிள்ளைகள் 'புஜ்ஜி எங்கே, மேப் எங்கே' என்று அழும். அதற்கு ஒரு பாலம் இருக்கிறது. டோராவின் மூன்றாவது சீசனில் டியாகோ முதல்முறை வரும் பகுதியை முதலில் போடுங்கள். அதில் மேப்பும் உண்டு, புஜ்ஜியும் உண்டு, ஜாகுவார்க் குட்டியைக் காப்பாற்றும் வேலையும் உண்டு. அதை மூன்று நாள் ஓடவிட்டுவிட்டு, நான்காம் நாள் டியாகோவின் முதல் சீசனிலிருந்து பிள்ளைக்குப் பிடித்த விலங்கு வரும் ஒரு பகுதியைப் போடுங்கள். முதல் சீசனிலேயே தொடங்குங்கள். டைனோசர், ஆப்பிரிக்கா என்று போகும் நீண்ட சிறப்புப் பகுதிகளைப் பிற்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றின் நீளத்துக்கு நான்கு வயதுப் பிள்ளை பாதியிலேயே எழுந்து போய்விடும்.